காலையில் மட்டும் வருத்தம் வரும் கார்

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள், பயன்படும். கார் இல்லாதவர்கள் கடைசிப் பகுதிக்குத் தாவிவிடலாம் என்று நினைப்பீர்கள். ஆனால் நடுவில் உள்ளதை வாசிக்காவிட்டால் கடைசிப் பகுதி விளங்காது.

எங்கள் வீட்டில் நிற்பது வாப்பா வாங்கிய கார். 2001ஆம் ஆண்டுத் தயாரிப்பு, 1500 சீசீ, மெனுவல் கியர், ஜப்பான் கார். வாப்பா மவுத்தான பிறகு அது என் கைக்கு வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, வாப்பா வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு சொல்லிக் கேட்டு வந்தார்கள். கொடுக்கவில்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் ராவு பகலாக நின்றோமே, அப்போதும் வித்துவிடச் சொன்னார்கள். கியூஆர் வந்த பிறகும் அந்தக் காரையே வைத்துக்கொண்டேன். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தும் ஓர் ஆசிரியர் சம்பளத்துக்குப் புதுக் கார் எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. ஆகவே இருக்கிறதைப் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

பிரச்சினை டிசம்பர் மாத மழைக்குள் தொடங்கியது. காலையில் முதல் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் எஞ்சின் நடுங்கும். செல்ஃப் அடித்தால் பிடிக்கும், பிடித்த உடனே ஆர்பிஎம் 500, 600க்கு இறங்கி, காய்ச்சல்காரன் மாதிரி உதறும். அக்சிலேட்டரை மிதித்தால் 'புஹ்' என்று ஒரு சத்தம், பிறகு நின்றுவிடும். இரண்டு மூன்று தடவை ஸ்டார்ட் பண்ணி, காலை மிதித்தபடியே வைத்திருந்தால் ஓடும். ஆறு ஏழு நிமிடம் போனால் ஒன்றுமே நடக்காதது போலச் சரியாகிவிடும். பிறகு மாதம்பைக்குப் போனாலும் குருநாகலுக்குப் போனாலும் ஒரு குறையும் இல்லை. டாஷ்போர்டில் எஞ்சின் லைட்டும் எரியவில்லை.

"சிலாபத்தில் என்னத்துக் குளிர்?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நமக்கு மார்கழிக் காலையில் 22, 23 பாகை இருந்தாலே போர்வை தேவை. நண்பகலில் 31 பாகை. ஆனால் எஞ்சினுக்குக் குளிர் என்பது வேறு கணக்கு. அது வேலை செய்யும் வெப்பநிலை 80 முதல் 90 பாகை. அதற்குக் கீழே எல்லாமே அதற்குக் குளிர்தான். நுவரெலியாவில் நின்றாலும் சிலாபத்தில் நின்றாலும், இரவு முழுக்க நின்ற எஞ்சின் குளிர்ந்த எஞ்சின்தான்.

நான் செய்த முதல் பிழை, அதைச் சின்னக் குறையென்று விட்டது. இரண்டாவது பிழை, ஊகத்தில் காசு செலவழித்தது.

முதல் கராஜில் பிளக் நான்கையும் மாற்றினார்கள். இரண்டாவது கராஜில் த்ரொட்டில் பொடி கழுவி, இன்ஜெக்டர் சுத்தம் செய்து, பெற்றோல் ஃபில்டரும் மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் இக்னிஷன் கொயிலில் சந்தேகம் என்றார்கள். பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பி ஒரு செட் எடுத்துப் போட்டேன். எல்லாம் சேர்த்து 50,000 ரூபாவைத் தாண்டியது. ஒவ்வொரு தடவையும் கராஜில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார்கள், எஞ்சின் பட்டுப் போல ஓடும். "சரி ஸேர், முடிஞ்சது" என்பார்கள். நானும் சந்தோஷமாக வீட்டுக்குக் கொண்டு வருவேன். மறுநாள் காலையில் பழையபடி உதறல்.

அந்தக் கராஜ்காரர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் பார்க்கும்போது காரில் குறையே இல்லை. வீட்டிலிருந்து கராஜுக்கு ஓட்டிக்கொண்டு போவதிலேயே எஞ்சின் சூடாகிவிடும். டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் போய்விடும் பிள்ளை மாதிரி, கராஜ் வாசலுக்குப் போனதும் காருக்குச் சுகம். வருத்தம் இல்லாத நேரத்தில் வருத்தக்காரனைக் காட்டிக்கொண்டிருந்தது நான்தான்.

இனி ரயில் கடவை.

உம்மாவுக்கு மாதம் ஒரு தடவை வைத்தியசாலைக் கிளினிக். நம்பர் எடுக்க வேண்டும் என்பதால் சுபஹு தொழுத கையோடு போக வேண்டும். அன்று திங்கட்கிழமை. மழை விட்டு, இருட்டு விலகாத நேரம். கார் இரண்டு தடவை நின்று மூன்றாவது தடவை பிடித்தது. உம்மா பின்சீட்டில், மடியில் கிளினிக் கொப்பி. நான் நேரமாகிவிட்டது என்று சூடாக்காமலே எடுத்தேன். வீட்டிலிருந்து ரயில் கடவைக்கு இரண்டு நிமிடம். கடவையில் மெதுவாக ஏறினேன். முன்சில்லு தண்டவாளத்தைத் தாண்டியது. பின்சில்லு தாண்ட அக்சிலேட்டரை மிதித்தேன். 'புஹ்'. நின்றுவிட்டது.

செல்ஃப் அடித்தேன். பிடித்து நின்றது. மறுபடி அடித்தேன். பிடித்து நின்றது. மணி இன்னும் அடிக்கவில்லை, சிவப்பு லைட்டும் எரியவில்லை. ஆனால் அந்த நேரத்துக்குக் கொழும்புப் பக்கம் போகிற ரயில் வரும் என்று எனக்குத் தெரியும். கை நடுங்கியது. நான் செய்திருக்க வேண்டிய முதல் வேலை உம்மாவை இறக்கித் தூரமாகக் கொண்டுபோய் நிறுத்துவது. அதைச் செய்யவில்லை. திறப்பைத் திருகிக்கொண்டே இருந்தேன். படித்த மனிசன், விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், அந்த நேரத்தில் புத்தி அப்படித்தான் வேலை செய்தது.

மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பின்னால் வந்த திரீவீல்காரரும் இறங்கினார். "நியூட்ரல் பண்ணுங்க, நியூட்ரல்!" என்று சிங்களத்தில் கத்தினார்கள். இருவரும் தள்ளிக் காரைக் கடவைக்கு அப்பால் கொண்டுவந்து விட்டார்கள். நான் நன்றி சொல்லி முடிக்கவில்லை, மணி அடிக்கத் தொடங்கியது. நான்கைந்து நிமிடத்தில் ரயில் போனது. அல்ஹம்துலில்லாஹ்.

உம்மா ஏசவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வாப்பாண்டா சூடாக்கித்தான் எடுத்திருப்பார்" என்று மட்டும் சொன்னார்.

உண்மைதான். வாப்பா காலையில் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் பொனட்டுக்குப் பக்கத்தில் நின்று சத்தம் கேட்பார். தேத்தண்ணி முடியும் வரை நிற்பார். அது பழைய காலத்துப் பழக்கம் என்று நான் சிரித்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் கூடவேலை செய்கிற ஆசிரியர் ஒருவர், புத்தளம் வீதிப் பக்கம் ஒரு சின்னக் கராஜில் ஒரு பையன் இருக்கிறார், வயரிங் வேலையில் கெட்டிக்காரர் என்று சொன்னார். போனேன். ஒரு காருக்கடியிலிருந்து வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ஸேர்" என்றார்.

எனக்கு முகம் தெரிந்தது, பெயர் வரவில்லை. அவரே சொன்னார். எங்கள் பாடசாலையில் படித்த பிள்ளை. சாதாரண தரப் பரீட்சையோடு போனவர். பெயரை இங்கே போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

நான் எல்லாக் கதையும் சொன்னேன். மாற்றிய சாமான் பட்டியலையும் சொன்னேன். அவர் பொனட்டைத் திறக்கவே இல்லை. மூன்று கேள்வி கேட்டார்.

"மழை நாள்ல கூடவா, இல்ல எல்லா நாளும் ஒரே மாதிரியா ஸேர்?"

தொடங்கியது மழைக் காலத்தில்தான். ஆனால் இப்போது மழை இல்லாத நாளும் அதேதான் என்றேன்.

"சூடான பொறகு நிப்பாட்டி, பத்து நிமிசத்தில திருப்பி ஸ்டார்ட் பண்ணினா?"

ஒரு குறையும் இல்லை.

"றேடியேட்டர் ஃபேன் முன்னய விட வெள்ளனமே ஓடுதா?"

யோசித்துப் பார்த்தேன். ஓடியது. சில மாதமாகவே வீட்டுக்கு வந்து நிறுத்தினால் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். எஞ்சினைக் குளிர வைக்கிறது, நல்லதுதானே என்று நான் நினைத்திருந்தேன். டாஷ்போர்டில் சூடு காட்டும் ஊசி எப்போதும் போல நடுவில்தான் நின்றது.

அவர் தலையை ஆட்டினார். "இண்டைக்குக் காரை இங்க விட்டுட்டுப் போங்க. காலையில ஆறு மணிக்கு வாங்க. நீங்க வரும் வரைக்கும் ஆரும் ஸ்டார்ட் பண்ண மாட்டாங்க."

50,000 ரூபா செலவழித்த எனக்கு இந்த யோசனை வரவில்லை. காரை இரவு முழுக்கக் கராஜில் விட்டு, அதற்கு வருத்தம் வருகிற நேரத்தில் பார்ப்பது.

காலையில் போனேன். இன்னும் வெளிச்சம் சரியாக வரவில்லை. முதலில் அவர் லைட்டை எல்லாம் நிறுத்தச் சொன்னார். இருட்டுக்குள் பொனட்டைத் திறந்து வைத்து, ஒரு தடவை மட்டும் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கொயில், பிளக் பக்கம் நீல நிறத்தில் பொறி கசிகிறதா என்று பார்த்தார். கடற்கரை ஊரில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வெளியால் பாயும். இருட்டில்தான் அது கண்ணுக்குத் தெரியும். பொறி இல்லை. எஞ்சின் உதறி நின்றது. "கொயில் நல்லம்" என்றார். பிறகு ரப்பர்க் குழாய்களில் காற்று இழுக்கும் 'ஸ்ஸ்' சத்தம் வருகிறதா என்று காது வைத்துக் கேட்டார். அதுவும் இல்லை.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். எஞ்சினில் கூலன்ட் தண்ணி வெளியேறும் இடத்துக்குப் பக்கத்தில் பெருவிரல் அளவில் ஒரு சாமான் இருக்கிறது. கூலன்ட் வெப்பநிலை உணரி. சென்சர் என்றால் எல்லோருக்கும் விளங்கும். அதன் சொக்கட்டைக் கழற்றி, இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார்.

"480 ஓம்" என்றார். "ஸேர், இப்ப காத்து 27 பாகை. இந்த நேரத்துக்கு இது கிட்டத்தட்ட 1,900 ஓம் காட்டணும். 480 எண்டா, எஞ்சின் 65 பாகைக்கு மேல சூடு எண்டு கொம்பியூட்டர் நினைக்குது."

நான் அப்படியே நின்றுவிட்டேன். தடை, வெப்பநிலை, ஓமின் விதி. இருபது வருடமாகப் படிப்பிக்கிற பாடம்.

காரில்லாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மொரிஸ் மைனர் ஞாபகம் இருக்கும். காலையில் டாஷ்போர்டில் உள்ள சோக்கை இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணுவார்கள். சூடாகச் சூடாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுவார்கள். ஏனென்றால் பெற்றோல் ஆவியானால்தான் சரியாக எரியும். குளிர்ந்த எஞ்சினுக்குள் தெளிக்கும் பெற்றோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரில் நனைந்து ஒட்டிக்கொள்ளும். சூடான எஞ்சினுக்கு, நிறைக் கணக்கில், ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று போதும். குளிர்ந்த எஞ்சினுக்கு அதைவிடக் கூடுதலாகப் பெற்றோல் கொடுக்க வேண்டும், ஆர்பிஎம்மையும் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும். சோக் செய்தது அந்த வேலையைத்தான்.

இப்போதுள்ள காரில் சோக்கை இழுப்பது கொம்பியூட்டர். அதற்குக் கை இருக்கிறது, கண் இல்லை. எஞ்சின் குளிரா சூடா என்று அதற்குச் சொல்வது அந்தச் சின்னச் சென்சர். அதற்குள் இருப்பது ஒரு குறைகடத்தித் தடையி. செம்புக் கம்பியைச் சூடாக்கினால் தடை கூடும், இதில் எதிர்மாறு. சூடு கூடக்கூடத் தடை குறையும். என் காரின் சென்சருக்குள் கூலன்ட் கசிந்து பச்சை பிடித்து, மின்சாரத்துக்கு ஒரு கள்ளப் பாதை திறந்திருந்தது. அதனால் தடை எப்போதும் குறைவு. ஆகவே கொம்பியூட்டருக்கு எஞ்சின் எப்போதும் சூடு. அதிகாலையிலும் சூடான எஞ்சினுக்குரிய அளவுதான் பெற்றோல் கொடுத்தது.

"அப்ப ஏன் ஏழு நிமிசத்தில சரியாகுது?" என்று கேட்டேன். புகைபோக்கிப் பக்கம் ஒட்சிசன் சென்சர் ஒன்று இருக்கிறது. அது வேலை செய்ய ஏறக்குறைய 300 பாகை சூடாக வேண்டும். சூடான பிறகு, பெற்றோல் கூடவா குறையவா என்று அது கொம்பியூட்டருக்குச் சொல்லும், கொம்பியூட்டர் திருத்திக்கொள்ளும். அதோடு எஞ்சினும் உண்மையாகவே சூடாகிவிடும். அது வரைக்கும் கொம்பியூட்டர் கூலன்ட் சென்சரின் பேச்சை மட்டும் நம்பி நடக்கிறது. எஞ்சின் லைட் எரியாததற்கும் காரணம் அதுதான். வயர் அறுந்தாலோ ஒட்டிக்கொண்டாலோ லைட் எரியும். 65 பாகை என்பது நடக்கக்கூடிய ஒரு கணக்கு, ஆகவே அந்தப் பொய்யைக் கொம்பியூட்டர் சந்தேகிக்கவில்லை. எஞ்சின் 85 பாகையில் இருக்கும்போது 98 பாகை என்று பொய் சொன்னதால்தான் விசிறி அவசரப்பட்டு ஓடியது. டாஷ்போர்டு ஊசிக்கு என் காரில் வேறொரு சென்சர், அதனால் ஊசி ஒழுங்காக இருந்தது.

பையன் அத்தோடு விடவில்லை. "ஊகத்தில மாத்த வேணாம் ஸேர், உறுதி பண்ணுவம்" என்று லாச்சியைத் திறந்து ஒரு சின்னத் தடையியை எடுத்தார். பழைய ரேடியோ ஒன்றில் கழற்றியது. மூன்று கோடு. மூன்றும் சிவப்பு.

"2.2 கிலோ ஓம்" என்று எனக்கு முந்திச் சொன்னார். பிறகு, "நீங்க சொல்லித் தந்ததுதானே" என்றார்.

அதைச் சென்சருக்குப் பதிலாக வயர் சொக்கட்டில் செருகினார். இப்போது கொம்பியூட்டருக்கு எஞ்சின் 22, 23 பாகை என்று தெரியும். "அடிங்க ஸேர்." செல்ஃப் அடித்தேன். முதல் தடவையே பிடித்தது. ஆர்பிஎம் 1,400க்கு ஏறி, உதறல் இல்லாமல் நின்றது. வாப்பா காலத்தில் காலையில் கேட்ட அதே சத்தம். ஒரு நிமிடத்தில் நிறுத்தச் சொன்னார். அது பரீட்சை மட்டும்தான். அப்படியே விட்டால் எஞ்சின் சூடான பிறகும் பெற்றோலை அள்ளி ஊற்றும், விசிறியும் ஓடாமல் எஞ்சின் கொதித்துவிடும். யாரும் அதை நிரந்தரமாகப் போட்டு ஓட வேண்டாம்.

புதுச் சென்சர் 4,500 ரூபா. எஞ்சின் குளிராக இருக்கும்போதே மாற்றி, சிந்திய கூலன்டை நிரப்பி, காற்றை வெளியேற்றினார். பழைய சென்சரை நான் கேட்டு எடுத்துக்கொண்டேன். பாடசாலை ஆய்வுகூடத்தில் வெப்பமானியோடு ஒரு முகவையில் தண்ணீர் வைத்துச் சூடாக்கி, தரம் 11 பிள்ளைகளைக் கொண்டே அளக்க வைத்தேன். 30 பாகையில் 470, 50 பாகையில் 370, 80 பாகையில் 210 ஓம். நல்ல சென்சர் ஒன்று அதே வெப்பநிலைகளில் ஏறக்குறைய 1,650, 830, 320 ஓம் காட்டும். இரண்டையும் ஒரே வரைபில் போட்டார்கள். 80 பாகையில் இரண்டு கோடும் கிட்டக் கிட்ட, 30 பாகையில் எங்கேயோ எங்கேயோ. சூட்டில் பார்த்தால் கெட்ட சென்சரும் நல்லது மாதிரியே தெரியும்.

உங்களில் யாருக்காவது இதே குறை இருந்தால், காசு செலவழிக்க முதல் இவற்றைப் பாருங்கள்.

காரை ஓட்டிக்கொண்டு போய்க் காட்டாதீர்கள். முதல் நாள் இரவே கராஜில் விடுங்கள், அல்லது மெக்கானிக்கைக் காலையில் வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

மழை நாளில் மட்டும் மிஸ் அடித்தால் கொயில், வயர், பிளக் பக்கம் பாருங்கள். இருட்டில் பொறி தெரியும். அது பெரிய வோல்ட், கை வைக்க வேண்டாம்.

ஸ்டார்ட் ஆகவே நெடுநேரம் எடுத்தால், திறப்பை ஓனில் வைத்து இரண்டு விநாடி பொறுத்து ஓஃப் பண்ணுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்த பிறகு செல்ஃப் அடியுங்கள். அப்போது சுகமாகப் பிடித்தால் இரவில் பெற்றோல் அமுக்கம் இறங்குகிறது என்று சந்தேகப்படலாம்.

காலையில் ஆர்பிஎம் உயராமலே இருந்தால் த்ரொட்டில் பொடி, ஐட்ல் வால்வு அழுக்கா என்று பார்க்கலாம். அதோடு கூலன்ட் சென்சரையும் அளக்கச் சொல்லுங்கள். அளப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

புதிய கார் என்றால் சின்ன ஸ்கேனர் ஒன்றைப் போனோடு இணைத்து, ஸ்டார்ட் பண்ண முதல் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற காரில் அது வெளிக்காற்றின் வெப்பநிலைக்குக் கிட்டவாக இருக்க வேண்டும். என் காரைப் போன்ற பழைய ஜப்பான் கார்கள் சில அந்த ஸ்கேனரோடு பேசாது. அவற்றுக்கு மல்டிமீட்டர்தான்.

காலை உதறலோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலன்டும் குறைந்துகொண்டே போனால் அது வேறு வருத்தம். ஹெட் கஸ்கட்டாக இருக்கலாம். தள்ளிப்போட வேண்டாம். சூடான எஞ்சினில் றேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்க வேண்டாம்.

ரயில் கடவையில் கார் நின்றால் முதலில் ஆட்களை இறக்குங்கள். கார் பிறகு.

வேலைக்கு 1,500 ரூபா கேட்டார். நான் 2,000 கொடுத்தேன். 500ஐத் திருப்பித் தந்தார்.

கிளம்பும்போது கேட்டேன். "மகன், நீங்க என்ட வகுப்பில எப்பவும் நித்திரதானே? இந்தக் கலர் கோடெல்லாம் எப்பிடி ஞாபகம் ஈக்குது?"

சிரித்தார். "முதலாம் பாடம்தான் ஸேர் நித்திர. இது இன்டவலுக்குப் பொறகு எடுத்த பாடம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அப்போதுதான் எனக்கு முழுவதும் ஞாபகம் வந்தது. 7.30 மணிக்குத் தொடங்கும் முதலாம் பாடம் கிழமையில் நான்கு நாள் எனக்குத்தான். அவர் மேசையில் தலை வைத்திருப்பார். சட்டையில் மீன் மணக்கிறது என்று பக்கத்துப் பிள்ளைகள் முறையிட்டபோது அவரைக் கடைசி வாங்குக்கு மாற்றினேன். "உங்கட மகனுக்குப் படிப்பு ஏறாது, ஒரு கைத்தொழிலைப் பாருங்க" என்று அவருடைய உம்மாவிடம் சொன்னதும் நான்தான். அந்தப் பிள்ளை அதிகாலை மூன்று மணிக்குக் கடற்கரைக்குப் போய், வாப்பாவோடு வலையில் மீன் கழற்றிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து நேரே வகுப்புக்கு வந்திருக்கிறது. இது எனக்கு இந்த வருடம், ஒரு கராஜில் நிற்கும்போது தெரிய வருகிறது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே மகன்?"

"நீங்க கேக்கல்லயே ஸேர்."

கோபமில்லாமல், விசிறி ஓடுதா என்று கேட்ட அதே குரலில்தான் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் வெட்கப்பட்டு, "அதெல்லாம் என்ன ஸேர்" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடுத்த காருக்கடியில் போய்விட்டார். இப்போது நன்றாக உழைக்கிறார், வீட்டையும் பார்க்கிறார், கை வேலையில் எனக்கு மேலானவர். அதனால் நான் சொன்னது சரியாகிவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம். அவர் உயர்தரம் படித்திருந்தால் எங்கே போயிருப்பார் என்பதை இனி யாராலும் அளந்து பார்க்க முடியாது. அதற்கு மீட்டர் இல்லை.

என் முதலாம் பாடத்தில் இந்த வருடமும் தலை சாய்க்கிற பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவரிடம் கேட்டேன். உம்மா வெளிநாட்டில், காலையில் தங்கச்சிமாரை எழுப்பிச் சமைத்துக் கொடுத்துவிட்டு வருகிறார். மற்றவரிடம் இன்னும் கேட்கவில்லை. இந்தக் கிழமை கேட்க வேண்டும்.

போன திங்கள் உம்மாவைக் கிளினிக்குக் கொண்டு போனேன். காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, தேவையில்லாவிட்டாலும், தேத்தண்ணி முடியும் வரை பொனட்டுக்குப் பக்கத்தில் நின்று சத்தம் கேட்டேன். கடவையில் ஏறும்போது உம்மா கிளினிக் கொப்பியை இறுக்கிப் பிடித்தார். தாண்டிய பிறகுதான் பிடியை விட்டார்.

அன்று தள்ளிவிட்ட இரண்டு பேரையும் எனக்குத் தெரியாது. இதை வாசிக்கும் யாருக்காவது அவர்களைத் தெரிந்தால், அந்த ஸேரின் உம்மா ஒவ்வொரு நாளும் உங்களுக்காக துஆச் செய்கிறார் என்று சொல்லிவிடுங்கள்.